ஐந்து லீற்றர் தண்ணீரை எங்கே வைப்பது?

சென்ற சித்திரை விடுமுறையில் செம்மலையிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், என் கயாக் (ஒருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) ஓயாமல் வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு விலகிக் கடலை நோக்கியே, திரும்பிக்கொண்டிருந்தது. முதல் நாள் காலையில் கரையை வலக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கே போனபோது அதே கயாக் நூல் பிடித்தாற்போலப் போயிருந்தது. துடுப்பும் அதே துடுப்பு, வலித்த கைகளும் அதே கைகள். காற்று மாறிவிட்டது என்று மட்டும் அப்போது நினைத்துக்கொண்டேன். காற்று ஒரு காரணந்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கயாக்கின் வயிற்றுக்குள் இருந்தது என்பது, சிலாவத்தைக் கரையில் அலை என்னைப் புரட்டிப் போட்ட பிறகுதான் விளங்கியது. வைகாசி தொடக்கம் ஆடி மாதம் முடியும்வரை நந்திக்கடல் களப்பில் தண்ணீர்க் கலன்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்துச் செய்து பார்த்தவற்றையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன். வன்னிக் கரையோரத்தில் கயாக் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆயினும் இனி வாங்கப் போகிறவர் ஒருவருக்காவது இது உதவக்கூடும்.

இந்தக் கயாக் நோர்வேயில் நெடுங்காலம் வாழ்ந்த என் சித்தப்பாவுடையது. அவர் ஊரோடு வந்து குடியிருப்பதென்று முடிவெடுத்து வீட்டுச் சாமான்களைக் கொள்கலனில் அனுப்பியபோது, கட்டில் அலுமாரிகளோடு இதுவும் சேர்ந்து வந்தது. நீளம் 5.1 மீற்றர், அகலம் 56 சென்ரிமீற்றர், வெறும் எடை 26 கிலோகிராம். கடலுக்கென்றே கட்டப்பட்ட வகை என்பதால் உள்ளே நீர்புகாத தடுப்புச் சுவர்கள் உண்டு: காலுக்கு முன்னால் ஓர் அறை, இருக்கைக்கு நேர் பின்னால் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிறிய அறை, அதற்கும் பின்னால் ஒரு பெரிய அறை. ஒவ்வோர் அறைக்கும் இறுக்கமான மூடி இருக்கிறது. பின்முனைக்குச் சற்று முன்னால், கயிற்றை இழுத்தால் நீருக்குள் இறங்கும் சிறு தகடு ஒன்றும் உண்டு. அதை ஸ்கெக் என்று சொல்வார்கள். சுக்கானைப் போல அது திரும்பாது, இறங்கும், ஏறும், அவ்வளவுதான். இந்தத் தகட்டை நம்பியதும் அன்று நான் விட்ட பிழைகளில் ஒன்று.

போகும்போது என்னிடம் 30 கிலோ பாரம் இருந்தது. இரண்டு நாளைக்குத் தேவையான தண்ணீர் 10 லீற்றர், அதாவது 10 கிலோ, இரண்டு கலன்களில் பின்னறையில் இருந்தது. கூடாரம், பாய், உடுப்பு போன்ற எடை குறைந்தவை முன்னறையில் இருந்தன. சமையற் சாமான்களும் மற்றவையும் இடையிடையே கிடந்தன. இப்படி அடுக்கியது யோசித்துச் செய்த காரியமன்று. கலன்கள் முன்மூடிக்குள் நுழையவில்லை என்பதால் அப்படி அமைந்தது. அது நல்ல அடுக்கு என்பதைக்கூட நான் அறியவில்லை.

செம்மலையில் மாமி வீட்டில் ஓர் இரவு தங்கினேன். புறப்படும்போது மாமி ஐந்து கிலோ ஊரரிசி, உரித்த தேங்காய் நான்கு, கொஞ்சம் கருவாடு, பனாட்டு எல்லாம் கட்டித் தந்தார். மொத்தம் எட்டுக் கிலோ வரும். பின்னறையைத் திறக்கப் பஞ்சிப்பட்டு எல்லாவற்றையும் முன்னறைக்குள் தள்ளினேன். பின்னறைத் தண்ணீரில் ஏழு லீற்றர் அதற்குள் முடிந்திருந்தது. ஆகவே, திரும்பும்போது கயாக்கின் மொத்த எடை போனபோது இருந்ததைவிட ஒரே ஒரு கிலோதான் கூட. தராசில் வைத்தால் இரண்டு பயணங்களுக்கும் வேறுபாடே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அளம்பிலுக்கு நேரே வந்தபோது மதியம் திரும்பிவிட்டது. சித்திரை மாதத்தில் இந்தக் கரையில் காலை நேரம் பெரும்பாலும் அமைதியானது. நிலம் சூடேறிய பிறகு கடலிலிருந்து காற்று எழும். வடக்கே போகும் எனக்கு அந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. அணியம், அதாவது கயாக்கின் முன்பக்கம், வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. நேராக்குவதற்கு வலப்பக்கத்தில் அகலமாகத் துடுப்பை வீசினேன். நாலைந்து வலிப்புக்குள் மீண்டும் திரும்பியது. ஸ்கெக்கை முழுதாக இறக்கினேன். கொஞ்சம் அடங்கியது, நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வலத்தோள் ஒன்றே வேலை செய்தது, இடக்கை சும்மா துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் முல்லைத்தீவுவரை போகும் எண்ணத்தைக் கைவிட்டுச் சிலாவத்தையில் கரையேற முடிவுசெய்தேன்.

எங்கள் கரை சரிவானது. அலை தொலைவில் உடைந்து ஓய்ந்து வருவதில்லை, கரையின் காலடியிலேயே உடையும். பின்னாலிருந்து வந்த ஓர் அலை கயாக்கின் பின்புறத்தைத் தூக்கியபோது, அரிசியும் தேங்காயும் இருந்த அணியம் நீருக்குள் குத்தி அங்கேயே நின்றுவிட்டது. முன்பக்கம் நிற்க, பின்பக்கத்தை அலை தள்ள, கயாக் ஒரு கணத்தில் கரைக்குக் குறுக்கே திரும்பிப் புரண்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான், காயம் இல்லை. கரைவலை இழுத்து முடித்துக் குந்தியிருந்தவர்கள் ஓடி வந்து என்னையும் கயாக்கையும் மேலே ஏற்றினார்கள்.

அவர்களுள் வயதில் மூத்தவரும் வலையின் சொந்தக்காரருமான சம்மாட்டி ஐயா கயாக்கின் முன்பக்கத்தை ஒரு தரம், பின்பக்கத்தை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு, "தம்பி, இவ்வளவு பாரத்தையும் அணியத்துக்குள்ளையோ வைச்சனீர்? பின்னேரக் காத்துக்கு அது கடலுக்குத்தான் இழுக்கும். கரைக்கு வரேக்கை மூக்காலை குத்தும்," என்றார். நான் கடலில் பட்ட பாட்டை அவர் பார்க்கவில்லை. இருபுறத்தையும் தூக்கிப் பார்த்ததிலிருந்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கரைவலை வளைக்கும் வள்ளத்தில் வலை கடலுக்குள் இறங்க இறங்க வள்ளத்தின் இருப்பு மாறும் என்றும், அதற்கேற்பத் தண்டு வலிப்பவர்கள் தாங்களாகவே இடம் மாறி இருப்பார்கள் என்றும், அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை என்றும் அவர் சொன்னார். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகளிலும் இதையே காணலாம். இயந்திரத்தின் எடை முழுவதும் பின்னால் இருப்பதால், வேகமெடுக்கும்போது அணியம் மேலே கிளம்பும். உடனே ஒருவர் முன்னால் போய் இருப்பார். சிறு வயதிலிருந்து பார்த்த காட்சிதான், ஆனால் அதை என் கயாக்கோடு நான் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அணியம் பாரமானால் கயாக் ஏன் காற்று வரும் திசையைத் தேடுகிறது என்பதை விளக்க வேண்டும். நீரைக் கிழித்துக்கொண்டு முன்னேறும் கயாக்கின் முன்முனைக்கு இரு புறமும் நீர் அழுத்தமாக இருக்கும். அந்த அழுத்தம் முன்முனையை இரண்டு கைகளுக்கு இடையில் பிடித்ததுபோல வைத்திருக்கும். பின்முனைக்கு அந்தப் பிடி இல்லை. கயாக் கடந்து போன இடத்தில் நீர் கலங்கித் தளர்ந்திருப்பதால் பின்பக்கம் எளிதாகப் பக்கவாட்டில் வழுக்கும். இப்போது காற்று பக்கத்திலிருந்து அடித்தால் என்ன நடக்கும்? முன்பக்கம் அசையாது, பின்பக்கம் காற்றோடு ஒதுங்கும், ஆகவே அணியம் காற்று வரும் பக்கம் பார்க்கும். காற்றுத்திசைகாட்டிச் சேவலும் இதே வழியில்தான் திரும்புகிறது. பாரம் சமமாக இருக்கும் கயாக்குகளும் ஓடும்போது சிறிதளவு இப்படித் திரும்பும். அணியத்தில் பாரத்தைக் கூட்டினால் முன்பக்கத்தின் பிடி இன்னும் ஆழமாகிறது, பின்பக்கம் நீரிலிருந்து கிளம்பி இன்னும் எளிதாக வழுக்குகிறது. ஸ்கெக் செய்வதெல்லாம் அந்தப் பின்பக்கத்துக்கு ஒரு பிடியைக் கொடுப்பதுதான். பின்பக்கமே மேலே கிளம்பி நிற்கும்போது, அலையின் முகட்டில் தகடும் பாதி வெளியே வந்துவிடுகிறது. அன்று அது ஏன் போதவில்லை என்பதற்கு விடை இதுவே.

பாரம் பின்னால் கூடினால் எல்லாம் தலைகீழாகும். பின்பக்கம் ஆழப் பதிந்து பிடித்துக்கொள்ளும்; அணியம் மேலே கிளம்பிக் காற்றுக்குப் பாயாக அமையும்; காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது கயாக் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்.

இனிக் கணக்கு. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். ஒரு விசையின் திரும்பல் விளைவை எடையையும் தூரத்தையும் பெருக்கிக் காணும் முறையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். என் கயாக்கில் முன்னறைப் பாரம் இருக்கையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீற்றர் முன்னாலும், பின்னறைப் பாரம் 1.3 மீற்றர் பின்னாலும் இருக்கிறது. முன்னால் எட்டுக் கிலோ சேர்ந்தது 12. பின்னால் ஏழு கிலோ குறைந்தது 9. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வதால் கூட்டினால் 21. என் எடை 68, கயாக் 26, பாரம் 30 என்று மொத்தம் 124 கிலோ. 21ஐ 124ஆல் வகுத்தால், முழுக் கயாக்கினதும் ஈர்ப்பு மையம் 17 சென்ரிமீற்றர் முன்னால் நகர்ந்திருக்கிறது. ஒரு சாணுக்கு மிகக் கிட்டிய தூரம். இருக்கையைப் பெயர்த்து ஒரு சாண் முன்னால் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போ என்று யாராவது சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். ஆனால் அதைவிடக் கூடுதலான காரியத்தை அரிசியாலும் தேங்காயாலும் செய்துகொண்டு போயிருக்கிறேன்.

வன்னியில் இதைச் சைக்கிளை வைத்து விளங்கப்படுத்தலாம். கரியரில் ஒரு நெல்மூடையை ஏற்றினால் சைக்கிளின் முன்சில்லு நிலத்தில் நிற்காமல் அலையும், கைபிடி சொற்கேளாது. மூடையைச் சட்டத்தின் நடுவில், பெடலுக்கு மேலே செருகித் தள்ளிக்கொண்டு போனால் அதே மூடை அடங்கி வரும். இடம்பெயர்ந்த காலங்களில் ஒரு வீட்டின் பாதியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தவர்களுக்கு, எதைக் கீழே கட்டுவது, எதை நடுவில் கட்டுவது என்பது கைப்பழக்கமாகவே இருந்தது. என் தகப்பனார் உரல் போன்ற பாரமான பொருளைப் பெடலோடு சேர்த்துத் தாழ்வாகவும், பாயையும் தலையணையையும் உச்சியிலும் கட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

வைகாசியில் சோழகம் தொடங்கிய பிறகு நந்திக்கடலில் செய்து பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்களுக்குள் எழும் நினைவுகள் வேறு; அந்த நீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் துடுப்பை மடியில் வைத்துவிட்டு இருந்தபிறகே வேலையைத் தொடங்குவேன். இந்தச் சோதனைக்கு அது பொருத்தமான நீர்நிலை. கரைக்கு இணையாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடப்பதால், தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று நீள்வாக்கில் ஓடும் கயாக்குக்குச் சரியாகப் பக்கத்திலிருந்து வீசும். பெரிய அலையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முழங்காலளவு நீரில் எந்தப் படகும் பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு இழுபட்டு ஓடும். அங்கே செய்யும் சோதனை பிழையான விடையைத் தரும் என்பதால் ஆழம் கூடிய பகுதியையே தேர்ந்துகொண்டேன்.

ஐந்து லீற்றர்க் கலன்கள் நான்கை, முன்மூடிக்குள் நுழையக்கூடிய ஒடுங்கியவையாகப் பார்த்து வாங்கினேன். கயாக்கின் இரு முனைகளிலும் சென்ரிமீற்றர் அளவு குறித்த வெள்ளை நாடாவை ஒட்டி, கரையில் நின்ற மாணவன் ஒருவனைக் கொண்டு நீர்மட்டத்தை வாசிப்பித்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வைத்தபோது இரு முனைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பதிந்தன. நான்கையும் முன்னால் வைத்தபோது முன்முனை மூன்று நான்கு சென்ரிமீற்றர் தாழ்ந்தது, பின்முனை கிட்டத்தட்ட அதேயளவு எழுந்தது. மூன்று சென்ரிமீற்றர் என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்குக் கயாக் நேராகத்தான் தெரியும். ஆனால் முழு வேகத்தில் வலித்துவிட்டுத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தபோது நடந்தது இது: சமமாக அடுக்கியபோது அணியம் மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பியது, நான்கும் முன்னால் இருந்தபோது சில நொடிகளில் முழுதாகத் திரும்பிக் காற்றின் முகத்தைப் பார்த்து நின்றது, நான்கும் பின்னால் இருந்தபோது எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் காற்றோடு ஓடத் தொடங்கியது.

இதற்குப் பிறகு ஒவ்வொரு கலனாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றை முன்னறையிலும், ஒன்றை இருக்கைக்குப் பின்னாலிருக்கும் சிறிய அறையிலும், இரண்டைப் பின்னறையின் முன்சுவரோடு சேர்த்தும் வைத்த அடுக்கே எனக்குப் பிடித்தது. பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்வு. அணியம் இன்னும் காற்றை நோக்கித்தான் திரும்பும், ஆனால் ஸ்கெக்கைப் பாதி இறக்கினால் நேராகும், முழுதும் இறக்கினால் காற்றோடு திரும்பும். ஒரு கயிற்றை விரலளவு இழுத்து விடுவதால் மூன்று திசைகளும் கைக்குள் வருகின்றன. அடுக்கு சரியாக இருந்தால்தான் ஸ்கெக்குக்கு இந்த அதிகாரம் உண்டு.

இங்கே ஒருவர், நான்கையும் பின்னால் வைத்துக் காற்றை நோக்கித் திரும்பும் தொல்லையை முழுதாக ஒழித்தால் என்ன என்று கேட்கலாம். இதற்குத்தான் எங்கள் கரையின் காற்றை நினைக்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோழகம் முல்லைத்தீவுக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையோரம் கண்ணாடிபோலத் தெரியும். நூறு மீற்றர் தள்ளிப் போனால்தான் அதன் கை தெரியும். பின்பாரம் கூடிய கயாக் அந்தக் காற்றில் அணியத்தை எங்கே திருப்பும்? ஆழ்கடலுக்கு. களைத்துப்போன ஒருவர் துடுப்பை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அது வங்காள விரிகுடாவை நோக்கித் திரும்பும். கரையை நோக்கித் திருப்புவதற்கு, கிளம்பி நிற்கும் அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் தள்ளவேண்டும். மாறாக, சிறிதளவு காற்றைத் தேடும் கயாக் சோழகத்தில் தானாகவே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே சோழக மாதங்களில் நான் பின்பாரத்தை மேலும் ஒரு படி குறைத்தே அடுக்குகிறேன். சித்திரையின் பிற்பகல் காற்றில் அணியப் பாரம் கடலுக்கு இழுத்தது. ஆனியில் பின்பாரம் கடலுக்கு இழுக்கும். புத்தகத்தில் ஒரே விதியாக எழுதப்படுவது, கரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து நன்மையாகவோ ஆபத்தாகவோ மாறுகிறது. மேற்கே மன்னார்ப் பக்கம், பூநகரிப் பக்கம் கயாக் ஓட்டுபவருக்கு இதே காற்று கடலிலிருந்து கரைக்கு வருவது. அவர் என் அடுக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் எங்கள் கரையில் கயாக் இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அப்போது பாரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழாது.

முன்னும் பின்னும் சமமாக இருந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது. இரண்டு முனைகளின் நுனியிலும் ஐந்தைந்து கிலோ வைத்தாலும் சமந்தான். நடுவில் இருக்கையோடு சேர்த்து வைத்தாலும் சமந்தான். நாடாவில் இரண்டுக்கும் ஒரே அளவு வரும், கடலில் இரண்டும் வேறு வேறு கயாக்குகள். திரும்புவதற்குக் காட்டும் மறுப்பு, அதாவது சடத்துவத்தின் திருப்பம், தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அரை மீற்றரில் இருக்கும் ஐந்து கிலோவை இரண்டு மீற்றருக்குத் தள்ளினால் தூரம் நான்கு மடங்கு, மறுப்பு பதினாறு மடங்கு. முனைகள் பாரமான கயாக்கைத் திருப்பத் தொடங்குவதும் கடினம், தொடங்கிய திருப்பத்தை நிறுத்துவதும் கடினம். அலை வரும்போது அணியம் எழும்பப் பிந்தும். அலை அதன் மேலாக ஏறி மடியில் விழும். நாயாற்றுப் பக்கம் சிறு சிறு அலைகள் நெருக்கமாக வரும்போது இந்த வேறுபாட்டை முகத்தில் அடிக்கும் தண்ணீரின் அளவிலேயே அறியலாம். எனவே தண்ணீர், அரிசி, தகரப்பேணி, அடுப்பு எல்லாம் இருக்கைக்குக் கிட்ட. பாய், உடுப்பு, கூடாரத் துணி எல்லாம் முனைகளில். முனையின் கடைசி ஒரு முழத்தை வெறுமையாக விட்டாலும் பழுதில்லை.

உயரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் பிழை விட்டால் உடனே தெரிவது இதில்தான். ஒடுங்கிய கயாக்கின் உறுதிப்பாடு ஒரு சில சென்ரிமீற்றருக்குள் அடங்கிய விடயம். இருக்கையில் மூன்று சென்ரிமீற்றர் தடிப்புள்ள மெத்தை ஒன்றைப் போட்டால், 68 கிலோ எடையுள்ள நான் மூன்று சென்ரிமீற்றர் உயர்வேன். முழுக் கயாக்கின் ஈர்ப்பு மையமும் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். முதுகுவலிக்காக ஒருமுறை அப்படிச் செய்து, வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட அமைதியான நீரில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு இருந்தேன். மேற்தளத்தில் பையைக் கட்டுவதும் அதே தவறு. அது காற்றுக்கும் ஒரு சிறிய சுவராக அமைகிறது. மறுபுறம், பாரமான பொருள்களை அடித்தளத்தில், ஏராக்கட்டை இருக்கவேண்டிய நடுக்கோட்டின் மேல் படுக்க வைத்தால் கயாக் வெறுமையாக இருப்பதைவிட அடக்கமாக நிற்கிறது. பாரம் ஏற்றிய கயாக் வேகமெடுக்கப் பிந்தும் என்பது உண்மை. ஆனால் எடுத்த வேகத்தை எளிதில் இழக்காது, சிறு அலைக்கு ஆடாது.

இடம் வலம் சமமாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சோதிக்க, ஒரு கலனை வலப்பக்கச் சுவரோடு கட்டினேன். கயாக் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தது. வலப்பக்கம் திரும்பும் என்று என் மாணவன் எதிர்பார்த்தான். அது இடப்பக்கம் திரும்பியது. சாய்ந்த பக்கத்தில் நீருக்குள் இருக்கும் வளைவு கூடுவதால், அந்த வளைவின் வழியே கயாக் மறுபுறம் போகிறது. அனுபவமுள்ளவர்கள் இடுப்பைச் சாய்த்துத் திருப்புவது இந்த நியாயத்தைக் கொண்டுதான். காற்று வரும் பக்கம் இடுப்பைச் சாய்த்தால் அணியம் காற்றை விட்டு விலகும். அன்று அளம்பிலுக்கு நேரே இதை அறிந்திருந்தால் என் தோளுக்கு அவ்வளவு வருத்தம் வந்திராது. ஆனால் வேண்டும்போது சாய்ப்பது வேறு, பாரம் நாள் முழுவதும் சாய்த்து வைத்திருப்பது வேறு. அறைக்குள் கலன் உருளாமல் இருக்க, உடுப்புப் பைகளை இரு பக்கமும் ஆப்புப்போலச் செருகவேண்டும். உருளும் ஐந்து கிலோ, கயாக் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, கவிழ்வதற்கு உதவி செய்யும். பாதி நிரம்பிய கலனுக்குள் இருக்கும் தண்ணீரும் அதையே செய்யும், சிறிய அளவில். இருக்கைக் குழிக்குள் புகுந்த கடல்நீர் பெரிய அளவில் செய்யும். கவிழ்ந்து எழுந்தவர் முதலில் நீரை இறைக்க வேண்டியதன் காரணம் இதுவே.

எல்லாப் பாரங்களிலும் பெரியது ஆளுடைய உடம்பு. 68 கிலோவை ஐந்து சென்ரிமீற்றர் நகர்த்துவது, ஒரு கிலோவை மூன்றரை மீற்றர் நகர்த்துவதற்குச் சமம். ஆகவே இருக்கையை ஓரிரு ஓட்டை முன்பின் மாற்றக்கூடிய கயாக்காக இருந்தால், வெறும் கயாக்கில் அதுவே முதல் மருந்து. என் தங்கை 47 கிலோ. அவள் ஓட்டும்போது கயாக் உயரமாக மிதந்து காற்றுக்கு விளையாட்டுப் பொருளாகிறது. அவளுக்காகக் கலன்கள் இரண்டை நிரப்பி, ஒன்றைக் கால்மிதிக்கு முன்னால் தடுப்புச் சுவருக்கு அப்பாலும், ஒன்றை இருக்கைக்குப் பின்னாலும் வைக்கிறோம். பத்துக் கிலோ கூடிய பிறகு கயாக் அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாழும். ஆனால் அவள் சொல் கேட்கத் தொடங்கும்.

கடைசியாகத் தண்ணீரைப் பற்றி. எங்கள் வெயிலில் துடுப்புப் போடும் ஒருவர் நாளொன்றுக்கு நாலைந்து லீற்றர் குடிப்பார். எனவே கயாக்கில் உள்ள பாரங்களுள் மிகப் பாரமானதே நாள் முழுவதும் கரைந்துகொண்டும் இருக்கிறது. காலையில் சரியாக அடுக்கியது மாலையில் சரியாக இராது. மாலையில்தான் காற்று. இப்போது நான் முதல் லீற்றரை முன்னறைக் கலனிலிருந்து எடுத்த போத்தலில் குடிக்கிறேன், இரண்டாவதைப் பின்னறையிலிருந்து. தங்குமிடத்தில் கலன்களை மறுபடி பங்கிடாமல் புறப்படுவதில்லை. வெறுமையான கலனில் கடல்நீரை நிரப்பி அதே இடத்தில் வைப்பதும் உண்டு. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே பாரம் கூடியது, அந்த வேறுபாடு ஐந்து லீற்றருக்கு ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும். புறப்படுமுன், மிதக்கும் கயாக்கின் நாடாக்களை இரு பக்கமும் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். சிலாவத்தையில் இறக்கும் நாள்களில் சம்மாட்டி ஐயாவுக்கு நாடா தேவையில்லை. அவர் இரு முனைகளையும் தூக்கிப் பார்த்து, "சரி, போம்" என்பார்.

ஆவணியில் மீண்டும் செம்மலைக்குப் போனபோது நடந்ததை மாமிக்கு விவரமாகச் சொன்னேன். அவர் உள்ளே போய், ஐந்து கிலோ அரிசியை அவிழ்த்து இரண்டரைக் கிலோவாக இரண்டு பைகளில் கட்டினார். தேங்காயையும் இரண்டு இரண்டாகப் பிரித்தார். பிறகு எதை முன்னுக்கு, எதைப் பின்னுக்கு என்று கேட்டுக்கொண்டு என்னோடு கரைவரை வந்தார்.